பாட்டுப் பெட்டிக்கு விட்ட எண்ணெய்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். வயது இருபத்தாறு. எனக்குத் தெரியாத மெஷினே உலகத்தில் இல்லை என்று நினைப்பு.

கம்பெனிக்கு எதிரே ஒரு ஓட்டல். அதன் முதலாளி கோயமுத்தூரிலிருந்து பழைய ஜூக் பாக்ஸ் ஒன்றை வாங்கி வந்து வைத்திருந்தார். காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் கேட்ட பாட்டைப் பாடும். எங்கள் ஆட்கள் ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சோடு வந்து அதைச் சுற்றி நிற்பார்கள்.

ஒருநாள் இசைத்தட்டு மாற்ற வந்தவர் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே சின்னச் சின்ன ஊசிகள் வரிசையாக நின்றன. எங்கள் நிட்டிங் மெஷினில் ஊசிகள் நிற்குமே, அச்சு அசல் அப்படியே. எங்கள் தொழிலில் ஊசியைக் கண்டால் எண்ணெய் விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் முறிந்துவிடும். குப்பி எப்போதும் என் பையில் இருக்கும். யாரும் கேட்காமலே வரிசை முழுக்கச் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டு, புண்ணியம் செய்தவன் மாதிரி வேலைக்குப் போய்விட்டேன்.

ஒரு மாதத்தில் பெட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. டூயட் கேட்டால் முருகன் பாட்டு வந்தது. முருகன் பாட்டு கேட்டால் சோகப் பாட்டு, அதுவும் மூன்று தடவை. சாமளாபுரத்துத் தறிக்காரர் ஒருவர் கோபத்தில் கண்ணாடியை ஓங்கித் தட்டினார். முதலாளியின் கோபமோ பாய் மேல் திரும்பியது. பாய் அங்கே மேசை துடைப்பவர், நாற்பதைத் தாண்டியவர். பெட்டியையும் தினமும் ஈரத்துணியால் அவர்தான் துடைப்பார். தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். பாயின் மூத்த பெண்ணுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்த நேரம் அது.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம நீங்க தொறந்து பாருங்க. தண்ணின்னு தெரிஞ்சா அன்னைக்கே பாயை அனுப்பிச்சரலாமுங்க" என்றார் முதலாளி. எனக்கு அப்போதும் எண்ணெய் ஞாபகம் வரவில்லை. பெரிய மனுஷத் தோரணையில் தலையாட்டினேன்.

ஞாயிறு காலை பெட்டியைத் திறந்தேன். டார்ச் லைட் பிடித்துக்கொண்டு பாய் பக்கத்தில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. பொத்தானை அழுத்தினால் அந்தப் பாட்டுக்கான ஊசி வெளியே வர வேண்டும், பாடி முடிந்ததும் உள்ளே போய்விட வேண்டும். இங்கே பாதி ஊசிகள் போன இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றன. துணியால் ஒன்றைத் துடைத்தேன். பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாக வந்தது. மோந்து பார்த்தேன். எங்கள் கம்பெனி எண்ணெய்.

போன மாதத்துக் குப்பி அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் விட்டது யாருக்கும் தெரியாது, துடைத்து மூடிவிட்டால் தீர்ந்தது என்று மனசு கணக்குப் போட்டது. அந்த நேரம் பார்த்து முதலாளி கல்லாவிலிருந்தே கேட்டார்.

"தண்ணிதானுங்களே?"

"ம்" என்றேன்.

பாய் என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். தண்ணீரின் அடையாளமே இல்லாத, எண்ணெய் ஊறிய துணி. பதினைந்து வருடம் பனியன் கம்பெனிக்காரர்களின் மேசையைத் துடைத்தவருக்கு அந்த வாசனை தெரியாதா? துணியை மெல்ல வாங்கி, கறை உள்ளே போகும்படி மடித்து, சமையல்கட்டுக்குப் போய் அடுப்பில் போட்டுவிட்டு வந்தார். மறுபடி டார்ச்சைப் பிடித்தார்.

"நீங்க வேலையப் பாருங்க தம்பி. இன்னும் நெறைய ஊசி இருக்குது" என்றார்.

அதற்கு மேல் என்னால் அங்கே குனிந்து நிற்க முடியவில்லை. கல்லாவுக்குப் போனேன். "தண்ணி இல்லீங்க. போன மாசம் நாந்தானுங்க அதுக்கு எண்ணெய் உட்டேன். பாய் மேல தப்பே இல்லீங்க" என்றேன்.

முதலாளி பாயைக் கூப்பிட்டு, மூன்றாம் மேசைக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னார். என்னிடம், "பாட்டு சரியா ஓடற வரைக்கும் நீங்க ஊட்டுக்குப் போகக் கூடாதுங்க" என்றார், அவ்வளவுதான். மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி வந்து ஒவ்வொரு ஊசியாகத் துடைத்தேன். கேட்ட பாட்டு வரும்போது மணி மூன்று. அடுத்த மாதம் நிக்காஹ்வுக்குப் பாய் என்னையும் கூப்பிட்டார். போய் பிரியாணி சாப்பிட்டேன், ஆனால் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

எண்ணெயைத் தெரியாமல் விட்டேன், அதற்காக என்னை என்றோ மன்னித்துவிட்டேன். ஆனால் அந்த "ம்" தெரிந்தே சொன்னது, அது இன்னும் என் தொண்டையில்தான் நிற்கிறது.