பலகாரப் பலகையின் வலப்பக்கம்

கிறிஸ்துமஸுக்காகப் அந்தக் காலத்துப் பள்ளித் தோழிகள் இன்று படப்பையில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

பெரிய மரப்பலகை ஒன்றில் பலகாரங்களை அடுக்கி வைத்தேன். இடப்பக்கம் முறுக்கும் தட்டையும். வலப்பக்கம் மெத்தென்ற அதிரசமும் ரவை லட்டும். எல்லாம் நானே செய்தவை.

"இன்னாடி, ரெண்டா பிரிச்சு வச்சிருக்கே?" என்றாள் வாலாஜாபாத் பிலோமினா.

"வலது பக்கம் பல்செட் போட்டவங்களுக்குடி."

"எனக்கெல்லாம் சொந்தப் பல்லு!" என்று தட்டையை எடுத்துக் கடித்தாள். படக்கென்று சத்தம். எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம்.

உடைந்தது தட்டைதான். அப்படியொரு மொறுமொறுப்பு!

அதன்பின் ஒருத்தியும் வலப்பக்கம் கை வைக்கவில்லை. இடப்பக்கத்தில் முறுக்குத் தூள்கூட மிச்சமில்லை.

லட்டு அப்படியே இருக்கிறது. யார் வருகிறீர்கள்? பல்லைப் பற்றிக் கேட்கமாட்டேன்.