மோர்டனுக்குப் போன வெட்டுக்கோழி

காலை 8.20, மனோர் பார்க். கறிக்கடையில் ஒன்பது பவுண்டுக்கு ஒரு கோழி வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். போக வேண்டிய இடம் மோர்டன், என் மனைவி மேயின் தாய்வீடு. மே முந்தின நாளே போய்விட்டாள். அவர்கள் ஹொங்கொங்கிலிருந்து வந்த சீனக் குடும்பம். மேயின் அம்மம்மா போன வருடம் காலமானார். வசந்தத்தில் கல்லறையைத் துப்புரவாக்கிச் சாப்பாடு படைப்பது அவர்கள் வழக்கம், நம்முடைய திவசம் மாதிரி. அம்மம்மாவுக்கு இது முதல் படையல். கோழி மட்டும் தலையும் காலுமாக முழுதாக இருக்க வேண்டும். வெட்டுப்பட்டால் குடும்பம் சிதறிவிடும் என்பார்கள். "கோழியை நான் கொண்டுவருகிறேன்" என்று முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டவன் நான்தான். ஆறு வருடமாக மேயின் அம்மா, என் மாமி, என்னோடு பேசுவது வெயிலையும் மழையையும் பற்றி மட்டும். இதிலாவது நல்ல பெயர் எடுக்கலாம் என்று ஆசை.

9.10. எலிசபெத் லைன் ரயிலில் வந்து இறங்கி, மூர்கேட்டில் நோர்தேர்ன் லைனுக்காக நின்றபோது பையைக் கை மாற்றினேன். பை உருண்டையாக இல்லை, தட்டையாகத் தொங்கியது. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கறித்துண்டுகள். உடனே கடைக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, வெட்ட வேண்டாமெண்டு சொன்னனானல்லோ?"

"ஐயோ அண்ணை, மறந்தே போனன். கோழியைக் கண்டால் கை தன்பாட்டுக்கு வெட்டுது. ஆனால் தலை, கால் ஒண்டும் எறியேல்லை. எல்லாம் உள்ளுக்கை கிடக்கு."

அவனை ஏசி என்ன பயன்? அவன் வெட்டும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன், மேயிடம் போனில் "எல்லாம் சரி" என்று பெருமை அடித்துக்கொண்டு.

மூர்கேட்டிலிருந்து மோர்டன் பதினாறாவது நிலையம். வழி முழுக்க அம்மம்மாவின் கைகள்தான் நினைவுக்கு வந்தன. ஃபாரஸ்ட் கேட்டில் அவர்களுக்கு ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை இருந்தது. அதன் குசினியில் முப்பது வருடம் கோழி வெட்டியவர். கத்தி பிடித்த வளைவிலேயே விரல்கள் நின்றுவிட்டன, கடைசிக் காலத்தில் நிமிர்த்த முடியவில்லை. அவ்வளவு கோழி வெட்டியும் அவருடைய கிண்ணத்துக்கு வந்தது கழுத்துத் துண்டுதான். நான் முதன்முதல் அந்த வீட்டுக்குப் போன நாளில், எல்லாரும் உம்மென்று இருந்த மேசையில், தொடையை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தவரும் அவர்தான். அவருக்கு ஒரு முழுக்கோழி கொண்டுபோகத் துப்பில்லையே என்று வெட்கமாக இருந்தது.

டூட்டிங் பிரோட்வேயில் கதவு திறந்தது. இறங்கி வேறு கோழி தேடலாமா? பதினொரு மணிக்குள் அவித்தாக வேண்டும். எழுந்தேன், உட்கார்ந்தேன், கதவு மூடிவிட்டது.

10.15. மோர்டன் வீட்டுக் குசினியில் மாமி பையைப் பாத்திரத்தில் கொட்டினார். மேயின் முகம் வெளுத்துப்போனது. நான் மன்னிப்புக் கேட்டேன். மாமி இஞ்சி போட்டுத் துண்டுகளை அவித்தார். பிறகு ஒரு நீளத் தட்டை எடுத்து, முதுகெலும்பை நடுவில் வைத்து, அதன்மேல் நெஞ்சு, இரு பக்கமும் செட்டை, பின்னால் தொடையும் காலும், முன்னால் தலை என்று அடுக்கினார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒரு முழுக்கோழி படுத்திருந்தது.

"கடையில் அம்மா ஒவ்வொரு கோழியையும் வெட்டிவிட்டு இப்படித்தான் திரும்ப அடுக்குவார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "ஆனால் இப்படி எலும்பை நொறுக்க மாட்டார்."

"அம்மம்மா ஏற்றுக்கொள்வாரா?" என்று கேட்டேன்.

"தெரியாது" என்றார் மாமி. கோபமா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மதியம் கல்லறையில் படைத்து, ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டோம். அங்கேயே சாப்பிட உட்கார்ந்தபோது மாமி தொடையை எடுத்து என் தட்டில் வைத்தார். அடுத்து அவருடைய சாப்பாட்டுக் குச்சி கழுத்துத் துண்டுக்குப் போனது. எங்கள் வீட்டிலும் அம்மா எடுப்பது அதைத்தான். ஏனென்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கையாலேயே கழுத்தை எடுத்து என் தட்டில் போட்டுக்கொண்டு, தொடையை அவர் தட்டுக்கு மாற்றினேன். இதுவும் பிழையாகிவிட்டதோ? மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து தொடையைச் சாப்பிடத் தொடங்கினார்.