தயாளன் அண்ணன் விட்டுக்கொடுத்த டோக்கன்

வெள்ளிக்கிழமை. அம்மனுக்கு விளக்கேற்றித் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டில் மீன் விற்கும் நம் அமுதா போன் செய்தாள். "யக்கா, தயாளண்ணன் பூட்டாருக்கா" என்றாள்.   மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்த மனிதர். அந்த விளக்கே அவருக்காகத்தான் ஏற்றியது.

மன்றத்து உறவுகளே, அவர் தலைவர் என்பது நம் நோட்டீசில் மட்டும்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், கூட்டத்தன்று காலடிப்பேட்டை தையல் பள்ளி மாடியில் நாற்காலி போடுவார். முடிந்ததும் துடைப்பத்தையும் அவரே எடுப்பார். ஐந்தாவதோடு பள்ளியை விட்ட என்னிடம் மன்றத்தின் பதிவேட்டைக் கொடுத்தவரும் அவர்தான். "வூட்டுக் கணக்கு எழுதுற கை. தப்பு வராது" என்றார். தப்பு வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாதம் ஒரு விருந்தினரைப் பேச அழைப்போம். அவர் பேசி முடித்ததும், பொன்னாடை போடுவதற்கு முன், கேட்டதை அண்ணன் நம் பேச்சில் திருப்பிச் சொல்வார். நுரையீரல் டாக்டர் வந்த அன்று பாதி இங்கிலீஷ், மீதி படம். பின்வரிசையில் குறட்டையே கேட்டது. அண்ணன் எழுந்தார்.

"டாக்டரு இன்னா சொல்றாருன்னா, ரெண்டு படி ஏறுனா மூச்சு வாங்குதா? வயசாயிடுச்சின்னு உட்டுடாத, வந்து காட்டு. அவரு மிஷின் எட்த்துகினு வர்றாரு, நம்ம ஊதணும். அவ்ளோதான் மேட்டரு. இன்னா டாக்டரே, கரீட்டா?"

"அடுத்த தடவை நீங்களே பேசிடுங்க, நான் பொன்னாடையை மட்டும் வாங்கிக்கிறேன்" என்று டாக்டர் சிரித்தார். நாமெல்லாம் கைதட்டினோம். அண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அதன்பின் டாக்டரின் மிஷினை வைத்து மூச்சுப் பரிசோதனை முகாம் மூன்று நடத்தினோம். முகாமுக்கு நாற்பது டோக்கன். வெளியாட்கள் முதலில், மிஞ்சினால்தான் மன்றத்து ஆட்களுக்கு. இது அண்ணன் வைத்த வழக்கம். நாமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். மூன்றாவது முகாமில் ஒரு டோக்கன் மிஞ்சியது. அண்ணன் பெயரை எழுதினேன். அந்நேரம் வள்ளூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த ஒருவர், அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரி ஓட்டுகிறவர், மனைவியின் தோளைப் பிடித்தபடி படியேறி வந்தார்.

"என் பேர அட்ச்சிட்டு அவரு பேர எழுது மா."

"அண்ணே, போன ரெண்டு வாட்டியும் இதேதான் பண்ணீங்க."

"நான் எங்க ஓடப்போறேன்? இங்கதான கீறேன். அடுத்த வாட்டி ஊதிக்கலாம்."

அடித்தேன். வீட்டில் ஒரு கரண்டி குறைந்தாலும் தேடிக் கண்டுபிடிக்கிறவள் நான். ஒரே பெயரை மூன்று முகாமிலும் என் கையாலேயே அடித்துவிட்டு, பக்கத்து மேஜையில் இருந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மனைவி சரோஜா அண்ணி என்னைத் தனியே அழைத்தார்.

"மூணு வாட்டியும் ஊதினேன், ஒண்ணுமில்லன்னுட்டாங்கன்னு சொன்னாரும்மா. நீதான எழுதுன? இன்னா எழுதியிருந்துச்சி?"

முன்னமே காட்டியிருக்கலாமே என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னதிலிருந்து அண்ணி இந்தக் கேள்வியோடே இருந்திருக்கிறார். ஒன்றுமில்லை என்றுதான் எழுதியிருந்தது என்று சொல்லியிருந்தால், அண்ணன் சொன்ன பொய் நின்றிருக்கும். முகாம் டாக்டர் தலையில் பழி விழுந்திருக்கும். அம்மனை நினைத்துக்கொண்டேன்.

"அவரு ஊதவே இல்ல அண்ணி. மூணு வாட்டியும் வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு. பேர அடிச்சது நான்தான்."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு, "கடசியா யாருக்குக் குடுத்தாரு?" என்றார்.

"வள்ளூர் லாரிக்காரருக்கு."

"அந்தாளு எப்டி கீறாரு?"

"மருந்து சாப்பிடறாரு. வேலைக்குப் போறாரு."

"ம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊரையே ஊத வெச்சாரு. அந்த மனுசன ஒருத்தரும் புட்ச்சி உக்கார வெக்கலியேம்மா."

என்னைத் திட்டியிருந்தால் தேவலாம்.

போன ஞாயிறு நான்காவது முகாம். முதல் டோக்கனில் அமுதாவின் பெயரை எழுதினேன். "ஜனங்க நின்னுகினு கீது, நம்ம முன்னாடி போய் குந்துனா கலீஜா இருக்காதாக்கா?" என்று சண்டைக்கு வந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். முறைத்துக்கொண்டே ஊதினாள். அவளுக்குப் பின் மன்றத்து ஆட்கள் ஒவ்வொருவராக. நானும் ஊதினேன். அதற்கப்புறம்தான் வாசல் கதவைத் திறந்தோம்.

அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய பிடிவாதத்தைத்தான். அதை வைத்து அவர் அடுத்தவரை முன்னே அனுப்பினார். நான் நம்மவர்களைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறேன். தான் வைத்த வழக்கத்தை மாற்றியதற்கு அவருக்குக் கோபம் வரும். வரட்டும். ஒரே ஒரு தடவை வந்து, என்னைத் திட்டிவிட்டுப் போகட்டும்.