பிள்ளை பார்த்தவளுக்கு விழுந்த அடி

கல்லில் உரைத்த அபினின் கசந்த வாடையையும், விடியலில் ஊதும் பஞ்சாலைச் சங்கின் ஓசையையும் என் உடம்பு இன்றுவரை ஒன்றாகவே நினைவில் வைத்திருக்கிறது. இராசபாளையத்தில், ஆலைக்குப் பின்புறம் வரிசையாகக் கட்டப்பட்ட 'லைன் வீடு'களில் நாங்கள் குடியிருந்த காலம் அது. தாயும் தகப்பனும் ஒரே 'ஷிப்ட்டு'க்குப் போகும் வீடுகளின் குழந்தைகளையெல்லாம் ஞானம்மாள் என்னும் கைம்பெண் தன் ஒற்றை அறையில் வாங்கிப் போட்டுக்கொள்வாள். கைக்குழந்தைகளின் நாவில் கடுகிலும் சிறிதாக அபினைப் பாலில் குழைத்து அவளே தடவுவாள். அதை 'உரைமருந்து' என்று சொல்லியே தாய்மார் மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள். தவழும் பிள்ளைகளைச் சேலைக் கிழிசலால் சன்னல் கம்பியில் கட்டிவைப்பாள். எவரேனும் முகம் சுளித்தால், "உங்க காளியாத்தா மாதிரி எனக்கு எட்டுக் கையா இருக்கு? கர்த்தர் ரெண்டுதேன் குடுத்தாரு" என்று சிலுவைக் குறியிட்டுச் சிரிப்பாள்.

என் தந்தையார் வைகறையில் கைத்தாளம் தட்டிப் பாசுரம் சேவிக்காமல் நீர் அருந்தாதவர். இன்று என் நாவில் வாழும் பாசுரங்கள் யாவும் அவர் ஊட்டியவை. தாளம் தட்டிய அந்தக் கை ஒருநாள் செய்ததைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

பல் முளைக்கும் வேதனையில் என் தம்பி இரவெல்லாம் அழுத ஒரு நாள், அம்மா விடியுமுன்னே தானே அவன் நாவில் மருந்தைத் தடவினாள். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. பிந்திச் சென்றால் வாயிற்கதவை அடைத்துவிடுவார்கள். பிள்ளையை ஞானம்மாள் கையில் திணித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஓடினாள். வழக்கப்படி ஞானம்மாளும் தடவினாள்.

உச்சிப்பொழுதில் தம்பியின் உதடு நீலம் பாரித்தது. உள்ளங்காலில் தட்டியும் நீர் தெளித்தும் அவன் விழிக்காமற்போகவே, அவனை மார்போடு அணைத்துக்கொண்டு ஞானம்மாள் ஆசுபத்திரியை நோக்கி ஓடினாள். அதே அறையில் விடப்பட்டிருந்த சிறுபிள்ளையான நான் அழுதுகொண்டு பின்னே ஓடினேன். யாரோ ஆலைக்குச் செய்தி சொல்லிவிட, எதிரே பாய்ந்துவந்த தந்தையார் விறகுக்கடை முனையில் அவளை மறித்தார்.

"ஏட்டி, எம்பிள்ளையக் கொன்னுட்டு எங்க ஓடுத?"

கடை வாசலில் கிடந்த கட்டை அவர் கைக்கு வந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. அவள் குழந்தையின்மேல் குனிந்து வளைந்துகொண்டாள். அடுத்த அடியில் அவள் முழங்கை முறிந்த ஓசையை நான் கேட்டேன்.

"அண்ணாச்சி, பொறவு அடிங்க, கொன்னுகூடப் போடுங்க! பிள்ளைக்கு மூச்சு இருக்கு, வழிய விடுங்க!"

வழியை விடுவார் இல்லை. கூடிய கூட்டத்தில் ஒருவன் அவள் கூந்தலைப் பற்றி இழுத்தான். ஒருத்தி செருப்பைக் கழற்றினாள். ஓடிவந்த அம்மா இடையில் விழுந்தாள். "அவள விடுங்க! காலையில நாந்தேன் தடவுனேன். சங்கு ஊதிட்டுன்னு சொல்லாம ஓடிட்டேன்!" ஓங்கிய கட்டை நிற்கவில்லை, அம்மாவின் நெற்றி பிளந்து குருதி கண்ணை மறைத்தது. அதன் பிறகே தந்தையார் கட்டையை எறிந்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினார்.

மருத்துவர் குழந்தையின் மார்பை நெடுநேரம் அழுத்திப் பார்த்தார். "செத்த நேரம் முந்திக் கொண்டாந்திருந்தா…" என்று தொடங்கியவர், தந்தையாரின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

தந்தையார் சேவிப்பதை விடவில்லை. ஆனால் எம்பெருமானைத் தொட்டிலிலிட்டுத் தாலாட்டும் பாசுரங்கள் வரும் இடத்தில் அவற்றைத் தாண்டிச் சென்றுவிடுவார். அவரை நான் வெறுத்ததுண்டு. முதுமையில் யோசிக்கும்போது, அவர், அம்மா, ஞானம்மாள் மூவரையும் ஒரே சங்கொலி விரட்டியதும், பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பை ஓர் ஏழைப் பெண்ணின் இரண்டு கைகளில் ஊரே போட்டுவிட்டதுமே முன்னே நிற்கின்றன.

சில ஆண்டுகளுக்குப் பின் அரசு அங்கே ஒரு 'பால்வாடி' திறந்தது. ஓட்டுக்கூரை, சத்துமாவுக் கஞ்சி, ஓர் ஆசிரியை, நிமிராத முழங்கையோடு ஆயாவாக ஞானம்மாள், அவ்வளவுதான். தாய்மார் அபினை மறந்தார்கள். கோயிலில் ஒரு விளக்கு அணையாதிருக்க நிலமும், நெய்க்கு ஆடும் எழுதிவைத்து, அதைக் காப்பவனின் குடும்பத்துக்கும் வழிசெய்தவர்கள் நம் முன்னோர். பிள்ளையைக் காப்பவளுக்கு மட்டும் ஏன் கை சுருங்குகிறது?

லைன் வீடுகள் இன்று இல்லை. நீல உதட்டைப் பார்த்திராத தாய்மார் வந்துவிட்டார்கள். நான் இப்போது வாழும் திருவில்லிபுத்தூரில், சென்ற மாதம் அங்கன்வாடிப் பெண்கள் முறையான ஊதியம் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்தின் முன் வெயிலில் அமர்ந்திருந்தார்கள். "குடுக்கதுக்குப் பேரு மதிப்பூதியமாம். மதிப்ப ஒலையில போட்டா வேகுமா, சாமி?" என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்போது இருசக்கர வண்டியை நிறுத்திவிட்டு ஒருவன் கையை ஓங்கியபடி அவளை நோக்கிப் பாய்ந்துவந்தான். "மையத்தப் பூட்டிட்டு இங்க வந்து ஒக்காந்திருக்கீய! எம்பிள்ள எங்கட்டி?"

அவள் எழவில்லை, முந்தானையைச் சற்று விலக்கி மடியைக் காட்டினாள்.

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. மதினி காலையில மில்லுக்குப் போகையில எங்கிட்டத்தேன் விட்டுட்டுப் போனாக. இப்பத்தேன் கண்ண மூடுனான்."