அஞ்சலை பேர் இல்லாத உத்தரவு

நில வழக்கு உத்தரவோடு வயலுக்குப் போகிற கோர்ட் அமீனாவுக்கு யாரும் மோர் கொடுத்து உபசரித்ததில்லை; அந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? எழுபதுகளில் வில்லியனூர், பாகூர் பக்கம் என் சைக்கிள் மணி கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

வரப்பில் ஒரு கேள்வி

உறுவையாறு கிராமத்தில் ஒரு நிலம். சொந்தக்காரர் வில்லியனூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். குத்தகைக்கு எடுத்த கோவிந்தசாமி, தானே பயிரிடாமல் வேறு ஆளிடம் விட்டுவிட்டார் என்று குத்தகை கோர்ட்டில் மனுப்போட்டு, அவரை வெளியேற்ற உத்தரவும் வாங்கிவிட்டார் சொந்தக்காரர்.

நான் போனபோது கோவிந்தசாமி அரியாங்குப்பத்துக்குக் குடிபோய் மாசக்கணக்காகியிருந்தது. வரப்போரம் கத்திரிச் செடி நின்ற வயலில் களையெடுத்துக்கொண்டிருந்தவள் அஞ்சலை. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். மூன்று வருஷமாகக் கோவிந்தசாமியிடம் உள்குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைப்பவள். நிலத்தை விட்டு வெளியேறச் சொன்னேன். சேற்றுக் கையோடு கிட்டே வந்து, "அந்தக் காயிதத்துல எம் பேரு இருக்குதா?" என்றாள். புரட்டிப் பார்த்தேன். கோவிந்தசாமி பேர் மட்டும்தான். இல்லை என்றேன்.

"அப்ப எங் கழனில உனக்கு இன்னா வேல?"

கத்திரிக்காய்

உத்தரவில் பேரில்லாத ஆள் பயிர் வைத்திருப்பதால் நிறைவேற்ற முடியவில்லை என்று எழுதிவிட்டு, ஜவுளிக்கடைக்காரரிடம் சொல்லப் போனேன். அவர் கண்ணெல்லாம் என் சைக்கிளில் தொங்கிய பையிலேயே இருந்தது. எழுந்து வந்து ஒரு கத்திரிக்காயை எடுத்து, காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையில் மார்க்கெட்டில் வாங்கியது என்றேன். எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது.

"மார்க்கெட்டு கத்திரிக்கா இவ்ளோ பசுமையா இருக்காதுங்களே, அமீனா சார்."

கட்டைவிரல்

அந்த உத்தரவை வைத்தே அஞ்சலையையும் வெளியேற்ற வேண்டும் என்று கடைக்காரர் மறுபடி மனுப்போட்டார். விசாரித்த அதிகாரி, "இது கோவிந்தசாமிய விசாரிச்சுப் போட்ட உத்தரவு. விசாரிக்காத ஆள இத வெச்சு வெளியேத்த எனக்கு அதிகாரம் கெடையாது. வேணும்னா சிவில் கோர்ட்டுக்குப் போங்க" என்று தள்ளுபடி செய்துவிட்டார்.

அஞ்சலை நம்பவில்லை. அந்தத் தள்ளுபடி உத்தரவின் நகலை நான் அவளிடம் கொண்டுபோனதும், எதிரே இருந்த டீக்கடைக்காரரைப் படிக்கச் சொன்னாள். அவரும் என் ஆளாக இருப்பாரோ என்று, பஸ்ஸுக்கு நின்ற முன்பின் தெரியாத ஒருவரையும் படிக்கச் சொன்னாள். அப்புறம்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிவில் வழக்கு அதற்கப்புறம் வருஷக்கணக்கில் இழுத்தது. ஆனால் அந்தப் போகத்தை அவளேதான் அறுத்தாள். அன்றைக்கு, நகல் கிடைத்ததற்குக் கைநாட்டு வைக்கச் சொல்லி நோட்டை நீட்டினேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தீர்ப்பு எம் பக்கம்னா கைநாட்டு இன்னாத்துக்கு?"

இத்தனை வருஷ வேலையில் எல்லா வழக்கிலும் இரண்டு தரப்பும் ஒருமனதாக ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான்: நான் எதிராளியின் ஆள்.