கொத்தள மேகம்

"அப்பா பூமிக்கடியில, பொண்ணு மேகத்துலயா? நடக்கிற காரியமாம்மா இது?"

பெங்களூர் வானிலை அலுவலகத்தில் நான் பயிற்சிக்குச் சேர்ந்த வாரம், வானத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் மூத்த அப்சர்வர் கேட்டது இது. அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் ஒளித்ததில்லை.

பயிற்சி முடிவில் அதிகாரி மொட்டைமாடிக்கு அழைத்துப்போய் வானத்தைக் காட்டி மேகத்தின் பெயரைக் கேட்பார். தேறினால் தனியாக டியூட்டி. தவறினால் தங்கவயலுக்கே ரயில்.

மேகப் பெயர்கள் எல்லாம் லத்தீன். "அர்த்தம் எதுக்கும்மா? படத்தைப் பாரு, அந்த மேகத்துக்கான நம்பரைப் போடு" என்றார் மூத்தவர். எனக்கு அது போதவில்லை. கப்பன் பார்க் நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். காஸ்டெல்லம் என்றால் சிறு கோட்டை. அதைக் காத்தவன் காஸ்டெல்லான். பழைய ஐரோப்பியச் சட்டத்தில் சுற்றுப்பட்டு ஊர்களின் வழக்குகளையும் அவனே தீர்த்தான்.

இது புரிய எனக்கு ஐரோப்பா தேவைப்படவில்லை. தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீடுகளுக்கு மேலே, மேட்டில், சுரங்கத் துரையின் பங்களா இருந்தது. கம்பெனியைக் காத்தவர் அவர்; எங்கள் சண்டைகளுக்குத் தீர்ப்பு சொன்னவரும் அவர்தான். வாசலில் நின்று அண்ணாந்தால் வெறும் சுவர். பள்ளிக்கூடப் பாதையில் எட்டப் போய்த் திரும்பினால்தான் மேல்மாடங்கள் தெரியும்.

அந்தக் கோட்டையின் பெயரில் ஒரு மேகமும் இருந்தது: காஸ்டெல்லானஸ். தட்டையான அடி, மேலே வரிசையாகக் கொத்தளங்கள். காலையில் தெரிந்தால் பிற்பகலில் இடி வரக்கூடும்.

தேர்வன்று காலை என்னோடு பயிற்சி பெற்ற மற்றவர்கள் தலைக்கு மேலே பார்த்து, "ஆல்ட்டோகுமுலஸ், வெறும் பஞ்சு மேகம், வேற ஒண்ணுமில்ல" என்றார்கள். நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆனேக்கல் பக்கம் அடிவானத்தைப் பார்த்தேன்.

"காஸ்டெல்லானஸ், சார்."

மூத்தவர் சிரித்தார். "மேல பாக்கச் சொன்னா பார்டர் பஸ்ஸைத் தேடுறா."

"அடியில நின்னா கொத்தளம் தெரியாது, சார். பக்கவாட்டுல பாருங்க. மத்தியானம் இடி இருக்கு."

அதிகாரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நோட்டில் குறித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மூன்று மணிக்கு மேல் ஜன்னல்கள் அதிர்ந்தன. மழைச் சத்தத்துக்கு நடுவே அதிகாரி என் மேசைக்கு வந்து, "நாளையிலேருந்து காலை டியூட்டி தனியாப் பாருங்க" என்றார்.

அவர் போனதும் மூத்தவர் மெல்லச் சொன்னார்: "சரிம்மா, மேகத்தைக் கண்டுபிடிச்சிட்ட. மழை வரும்னு சொல்ற ரூமுக்குள்ள போக டிகிரி வேணும், கொத்தா? தெரியுமில்ல?"

தெரியும். போன வாரமே மாலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்துவிட்டிருந்தேன்.