கடுகு வைத்துத் தைப்பவர்

வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவார். "வயித்த எக்காதீங்க. நாளைக்கு இந்தச் சட்டைக்குள்ள மூச்சு விடணுமில்ல?" என்று நாலு பேர் நடுவில் மானத்தை வாங்குவார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டு தையல் மிஷின் போட்டால் கால் நீட்ட இடமில்லாத கடை. தையலக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தபோது வெட்கப்பட்டு ஒன்றரை வருடம் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாற்பத்தாறு வயதில் போய்விட்டார். அதே நாற்பத்தாறில் தையலக்காவுக்கும் கட்டி வந்தது. அவர் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஒரு பக்க மார்பை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் உள்ளாடைக்குள் வைக்க ஒரு சின்னப் பஞ்சு மெத்தையைத் தானே தைத்தார். வெறும் பஞ்சு மேலே ஏறிக்கொண்டதால் கனத்துக்குக் கடுகு சேர்த்தார். "மொதல்ல தச்சதை ஈரத்தோட ரெண்டு நாள் மறந்து வெச்சுட்டேன். முளை விட்டிருச்சு! நெஞ்சுல தோட்டம் போட்டவ நான் ஒருத்திதான்" என்று குலுங்கிச் சிரிப்பார். இப்போதெல்லாம் வறுத்த கடுகு. புற்றுநோய் வார்டில் யார் கேட்டாலும் தைத்துக் கொடுக்கிறார். அந்தச் சிரிப்பைக் கேட்கவே நான் நன்றாக இருக்கும் துணியையும் பிரித்துத் தைக்கக் கொண்டுபோயிருக்கிறேன்.

வார்டையே சிரிக்க வைப்பவருக்கு மகள்தான் மசியவில்லை. மகளுக்கு இருபத்தெட்டு. மார்புப் பரிசோதனைக்கு நான்கு முறை நாள் குறித்து, நான்கு முறையும் ஏதோ ஒரு சாக்கு. "எனக்கு வந்தப்பகூட நான் இவ்வளவு பயப்படலைங்க. பயந்தாங்கொள்ளியைப் பெத்து வெச்சிருக்கேன்."

நேற்று என் சட்டைக்குக் கை இணைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அன்று மாலை விருந்துக்கு அது வேண்டியிருந்தது. மகள் வாசலில் வந்து நின்றாள். அலுவலக அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது.

"மூணு மணிக்கு டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்காங்கம்மா. ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேன். தனியா ஏற முடியலை."

அக்கா என் சட்டையில் ஊசியைக் குத்தியது குத்தியபடி விட்டு எழுந்து, "கடையைப் பாத்துக்குங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். சாலையைக் கடந்து, பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் அந்தக் கையை விடவில்லை.